பட்டு நூல் பிடித்து நட்ட வேலி

குணசுந்தரி கடையில் வாங்கிய தக்காளியை வீட்டுக்கு வந்து தன் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பவள். பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சும்மா உட்கார்ந்திருந்தவன் எதற்கு எழுந்தான் என்று சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். கோயிலில் சுண்டல் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால்கூட அவளுடைய இடது புருவம் மேலே போய்விடும். ஆரணி கொசப்பாளையத்தின் கடைசித் தெருவில் அந்தப் புருவத்துக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் அவள் வீட்டில் மட்டும் எண்ணை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போவார்.

குறை சொல்லக்கூடாது, அந்தப் புருவம் சும்மா ஏறியதில்லை. அவள் முள்ளிப்பட்டில் பிறந்தவள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிதில் அவள் புருஷன் வேலு ஒரு முதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்குப் பட்டு நெய்தான். நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்த புடவையை எடை போட்டு வாங்குவார்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் புடவை எடை குறைந்தது. முதலாளி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் முன்னால், நூலை எங்கே விற்றாய் என்று கேட்டார்கள். வேலு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தான். குணசுந்தரிதான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தாள். நூலைக் கொடுப்பதற்கு முன்னால் ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பட்டு ஈரத்தைக் குடிக்கும். கைக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கு மட்டும் தெரியும். காய்ந்த பிறகு அந்த எடை காற்றோடு போய்விடும், பழி நெய்தவன் தலையில் விழும். விஷயம் புரிந்தபோது, போகட்டும் விடு என்றான் வேலு. அவள் விடவில்லை. முதலாளியை மாற்ற வைத்தாள், சொந்தமாகத் தராசு வாங்கினாள், அன்றிலிருந்து ஈரமா காய்ந்ததா என்று பார்க்காமல் உலகத்தில் எதையும் கையில் வாங்கியதில்லை.

வேலு காலமாகிச் சில வருஷமாகிறது. தறியை எடுத்துவிட்டாள். இப்போது வீட்டில் ராட்டை வைத்து மற்ற நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறாள். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது. ஒரே மகள் சுகன்யாவைக் கண்ணமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். வேலு அவளுக்கு விட்டுப் போனது வீடும், வீட்டுக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கிற தோட்டமும்தான். அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் இடத்தை எவனாவது தின்றுவிடுவானோ என்பது அவளுக்குத் தூக்கத்திலும் இருக்கிற கவலை.

தோட்டத்தின் கிழக்கு எல்லை ஒரு மருதாணி வேலி. வீடு வாங்கிய வருஷம் ஆடி மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நட்டது. ஊரில் எல்லாரும் கயிறு பிடித்துத்தான் வேலி நடுவார்கள். வேலு உள்ளே போய், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற பாவில் மிஞ்சிய பட்டு இழையைக் கொண்டுவந்தான். "நூல்ல பொழைக்கிறவன் வூட்டு வேலிக்குக் கயிறு இன்னாத்துக்கு?" என்றான். வீட்டுச் சுவர் மூலையில் அவன் ஒரு முனையைக் கட்டினான். தோட்டத்துக் கடைசியில், வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் இருந்த எல்லைக் கல்லில் மறுமுனையை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இழையை ஒட்டியே குழி வெட்டி மருதாணிக் குச்சிகளை ஊன்றினான். தெருவே வந்து வேடிக்கை பார்த்துக் கேலி செய்தது. அவளுக்கு அதில் இன்றுவரை பெருமை. எங்க வேலி தறியில பாவு இருக்கிற மாதிரி நேரா இருக்கும், ஒரு விரக்கடை இப்படி அப்படிப் போகாது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

அந்த வேலிதான் இந்தச் சித்திரையில் காய்ந்துபோனது. முதலில் நடுவில் நாலு செடி, பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. தண்ணீர் ஊற்றினாள், எரு போட்டாள், ஒன்றும் துளிர்க்கவில்லை. வெயிலில் காய்ந்தது என்று தெருவில் சொன்னார்கள். எத்தனை வெயிலைப் பார்த்த வேலி அது? அவள் புருவம் கிழக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்து ஏறியது.

அங்கே இருப்பவர் அருள்தாஸ், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அமலோற்பவத்துக்கு மூட்டுவலி, வாசல்வரை வருவதே அதிகம். மாஸ்டர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். அதிகம் பேசாதவர்களைக் குணசுந்தரி ஒரு படி கூடுதலாகவே சந்தேகப்படுவாள். போன கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தவர், வேலியை எடுத்துவிட்டு ஒரு காம்பவுண்டுச் சுவர் வைத்துவிடலாமா, செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். செலவைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? முடியாது சார் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். கேக்கில் ஒரு துண்டைக் காக்காய்க்குப் போட்டு, காக்காய் தின்றுவிட்டுப் பறந்துபோனதைப் பார்த்த பிறகுதான் தான் சாப்பிட்டாள். கேக் நன்றாகவே இருந்தது.

சுவர் வேண்டாம் என்றோம், வேலி காய்ந்துபோனது. அவள் மனசில் இரண்டும் பொருந்தி உட்கார்ந்துகொண்டன. சாயத் தண்ணியோ ஆசிட்டோ, எதையோ வேரில் ஊற்றியிருக்கிறார். அது போதாதென்று ஒரு நாள் காலையில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் மாஸ்டர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலியை நீளத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவளைக் கண்டதும் எழுந்து, வெயில் அதிகம் இல்லையா சுகன்யாம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெயிலைப் பார்க்க எவன் குந்தி உட்காருவான்?

வெட்டாமலும் இருக்க முடியவில்லை. காய்ந்த புதருக்கு அடியில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. வைகாசியில் சுகன்யாவுக்கு வளைகாப்பு, அது முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேதான் அழைத்துவர வேண்டும். பிள்ளைத்தாச்சி நடமாடுகிற வீட்டில் இந்தச் சருகுக் காட்டை வைத்துக்கொள்ள முடியுமா? வெட்டினால் எல்லை போகும், வெட்டாவிட்டால் பாம்பு வரும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிட்டு அடிக்கட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். கட்டை இருக்கும்வரை எல்லை இருக்கும், எவனும் வாயைத் திறக்க முடியாது.

வேலி வெட்டுகிற வீரனுக்குச் சொல்லியனுப்பினாள். அவன் வருவதற்குள் தானே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அரிவாளோடு போனவள், நடுப்பகுதியில் கொடுவாளைப் போல வளைந்து நின்ற ஒரு காய்ந்த கிளையில் அதைக் கண்டாள். கை அளவுக்கு ஒரு தொங்கல். பஞ்சும் சருகும் ஒட்டடையும் சேர்த்துத் திரித்த மாதிரி ஒரு முடிச்சு. அதற்குள் அரக்கு நூல், பச்சை நூல். கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் சுற்றித் தள்ளிய கழிவு நூலேதான், போன வாரத்து அரக்கு. நூலோடு சேர்த்துச் சுற்றியிருந்தது நரைத்த தலைமயிர், அதுவும் அவளுடையதுதான். காலையில் சீவிச் சுருட்டித் தோட்டத்து மூலையில் போடுகிற மயிர். தன் நூலையும் தன் மயிரையும் பொறுக்கி எடுத்து முடிந்து தன் வேலியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றால் அது என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்வினை. வேலி எதனால் காய்ந்தது என்பதும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

கத்தியோடு வந்த வீரனை, இன்றைக்கு நாள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் வந்து நின்றார்.

"சுகன்யாம்மா, வேலிய இப்ப வெட்ட வேணாம்னு நானே சொல்லலாம்னு இருந்தேன். நடுவுல ஒண்ணு தொங்குது, பாத்தீங்களா? அதுக்குக் கொஞ்ச நாள் டைம் குடுங்க."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டியவனே வந்து கலைக்காதே என்கிறான். எவ்வளவு நெஞ்சழுத்தம். தனக்கு என்ன ஆனாலும் போகட்டும், மகள் வயிற்றில் இருப்பதற்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தபோது அழுதேவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பஸ் மாறி மாறிப் படவேடு போனாள். ரேணுகாம்பாள் சந்நிதியில் வெகு நேரம் நின்று, குங்குமமும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, திரும்ப பஸ் இல்லாமல் வெயிலில் காய்ந்து, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாள். சேர்ந்த கையோடு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, அம்மன் குங்குமத்தைப் போட்டு, வேலிக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா தாயே என்று ஒரு கை அள்ளித் தொங்கலின் மேல் வீசினாள். தொங்கலின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. வளைந்த, ஊசியான மூக்கு. அடுத்த நொடி கட்டைவிரல் அளவு குருவி ஒன்று வெளியே பாய்ந்து, அவள் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கறிவேப்பிலை மரத்தில் உட்கார்ந்து கத்து கத்து என்று கத்தியது. தேன்சிட்டு. வாழைப்பூவிலும் செம்பருத்தியிலும் தினமும் பார்க்கிற தேன்சிட்டு.

குணசுந்தரி செம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குருவி நனைந்திருக்கும், முட்டை நனைந்திருக்காது, வாசலுக்கு மேலே தாழ்வாரம் மாதிரி நீட்டிக் கட்டியிருக்கிறது பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரிக்காதது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பயம் போனது, சந்தேகம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஒரு குருவிக்காக எவனாவது வேலி வெட்டுகிறதை நிறுத்தச் சொல்வானா? நாள் கடத்துகிறார். மழை வந்து அடிக்கட்டை மக்கிவிட்டால் எல்லை எங்கே என்று எவருக்கும் தெரியாது, அப்போது சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார். இதைப் புரிந்துகொண்டும் அவள் வெட்டச் சொல்லவில்லை. மாஸ்டர் சொன்னதற்காக இல்லை. பிள்ளைத்தாச்சி வரப்போகிற வீட்டில் முட்டையோடு இருக்கிற கூட்டைக் கலைக்கக்கூடாது, அது அவளுக்குத் தெரிந்த சட்டம். கூடு காலியாகும்வரை காத்திருக்கலாம். ஆனால் கண்ணை எடுக்காமல் காத்திருக்க வேண்டும்.

ராட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து நிழலுக்கு வந்துவிட்டாள். தார் சுற்றினாள், வேலியைப் பார்த்தாள், மாஸ்டர் வீட்டுப் பின்கதவைப் பார்த்தாள். மாஸ்டர் துணி காயப்போட வந்தால் பார்த்தாள், பல் துலக்க வந்தால் பார்த்தாள். அவரைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் குருவியைப் பார்த்தாள். ஆண் குருவி மினுமினுத்த கழுத்தோடு கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தது, பெண்தான் உள்ளே அடைகாத்தது. இவன் சரியில்லை என்று அவளுக்கு முதல் நாளே பட்டது. குஞ்சு பொரித்த பிறகு இவனும் வாயில் பூச்சியோடு வந்து நின்றபோதுதான் கொஞ்சம் மன்னித்தாள். காக்காய் வேப்பமரத்தில் உட்கார்ந்தால் கல்லை எடுத்தாள். தெருப்பூனை வேலிக்கு அடியில் பதுங்கினால் துடைப்பத்தோடு ஓடினாள். ஒரு மத்தியானம் சாரைப்பாம்பு ஒன்று சருகுக்குள்ளிருந்து தலையைத் தூக்கியபோது, ராட்டைக் குச்சியால் தரையைத் தட்டித் தட்டிப் பின்பக்க வயல்வரை துரத்திவிட்டு வந்தாள். உலகத்தில் எவனையும் நம்பாத ஒருத்தி காவல் இருந்ததால் அந்தக் கூட்டை எதுவும் நெருங்க முடியவில்லை. அந்தத் தேன்சிட்டுகளுக்கு வாய்த்த மாதிரி ஒரு காவல் ஆரணியில் நகைக்கடைக்குக்கூடக் கிடையாது.

ஒரு காலையில் கூட்டு வாசலில் யாரும் இல்லை. இரண்டு குஞ்சுகளும் கறிவேப்பிலை மரத்தில் உட்கார்ந்து, வாலே இல்லாத உடம்போடு ஆடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வீரனுக்குச் சொல்லியனுப்பினாள்.

வீரன் வந்ததும் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டான். ஒரு தீக்குச்சி கிழித்துப் போட்டால் ஜல்தியாக வேலை முடிந்துவிடும், இதற்கு எதற்குப் பேஜார் என்றான். அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்: தீ வைக்க வேண்டாம், உள்ளே ஓணானும் அரணையும் தேரையும் இருக்கும், தெருப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனால் எல்லாம் வயல் பக்கம் ஓடிவிடும். அவர் சொன்னதால் மறுக்க வேண்டும் போலத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் இத்தனை நாள் காவல் இருந்ததில் அந்தச் சருகுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். தீ வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று வீரனிடம் சொன்னாள். அவன் வெட்ட, அவள் முன்னால் கழியால் தட்டிக்கொண்டே நடந்தாள். அரணைகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒரு பெரிய தேரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது, அதை முறத்தில் வாரிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விட்டாள். வெட்டிய குச்சிகளில் ஒரு குவியலை அந்த மூலையிலேயே போட்டுவைக்கச் சொன்னாள், வீடு இழந்ததுகளுக்கு. கூடு இருந்த கிளையை மட்டும் தானே அறுத்தெடுத்து, ராட்டைக்கு மேலே சுவரில் செருகிவைத்தாள்.

அடிக்கட்டையைத் தொடாதே என்று வீரனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாள். ஒரு கட்டையை அவன் காலால் தட்டியபோது அது தானாகவே சாய்ந்தது. உள்ளே பார்த்தால் எல்லாம் கரையான் தின்ற மண். அடுத்ததும் அப்படித்தான். ஆசிட்டும் இல்லை, சாயத் தண்ணியும் இல்லை. கரையானை யார் கொண்டுவந்து விட்டது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, அதற்கு மேல் அவளாலேயே யோசிக்க முடியாமல் விட்டுவிட்டாள்.

மேலே எல்லாம் போன பிறகு கட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. அவள் தோட்டத்துக் கடைசிக்குப் போய், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பாவு நீட்டும்போது இழை எங்கேயாவது தொய்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். வரிசை நேராக இல்லை. வீட்டு மூலையில் சரியாகத் தொடங்கி, நடுவில் மாஸ்டர் தோட்டத்துக்குள் முழங்கை அளவுக்கு மேலேயே வளைந்து போய், திரும்பக் கல்லுக்கு வந்து சேர்ந்தது. வில்லைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது, கல்லை நகர்த்திவிட்டார்கள் என்பதுதான். கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அன்றைக்குக் கன்றாக இருந்த வேப்பமரம் இன்றைக்கு இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். அதன் வேர் கல்லின் மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி, கல்லை மண்ணோடு சேர்த்து விழுங்கியிருந்தது. அதை எவனாலும் அசைத்திருக்க முடியாது. வீட்டு மூலை அவளுடைய சொந்தச் சுவர். சரி, கட்டைகளைப் பிடுங்கி நட்டிருப்பார்கள் என்றால், அத்தனையும் நட்ட இடத்திலேயே ஆழமாக இறங்கிய பழைய வேர். சந்தேகப்பட ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த ஆடி மாதம் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தக் கல்லின் மேல்தான் இழையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று மேற்கேயிருந்து ஆளைத் தள்ளிக்கொண்டு அடித்தது. நனைந்த பட்டு இழை நீளும், தொய்யும். தொய்ந்த இழையை ஆடிக்காற்று நாளெல்லாம் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. வேலு குனிந்த தலை நிமிராமல் இழையை ஒட்டியே குழி வெட்டிக்கொண்டு போயிருக்கிறான். பட்டு ஈரத்தைக் குடிக்கும் என்று ஊருக்கே பாடம் சொல்கிறவள் அவள்தான். ஒரு சாண் இடத்துக்குக் காவல் காத்தவள், அடுத்தவன் இடத்தில் அத்தனை வருஷம் மருதாணி பறித்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. முதலாளி வீட்டுக் கூடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற வேலு கண்ணுக்கு முன்னால் வந்தான்.

வீரனைக் கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டரைக் கூப்பிட்டாள். வந்தவரிடம் கட்டை வரிசையைக் காட்டினாள்.

"உங்களுக்கு இது தெரியுமா சார்?"

மாஸ்டர் தலையாட்டினார். "கிரவுண்டுல கோடு போட்டே காலம் தள்ளினவன்மா நான். நீங்க நட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் சொல்லல?"

"வேலு அவ்ளோ சந்தோஷமா நட்டுகினு இருந்தாரு. அப்ப சொல்ல மனசு வரல. அப்புறம் சுவர் கட்டறப்ப கயிறு புடிச்சா தானா தெரிஞ்சிரும்னு பாத்தேன். நீங்க ஒத்துக்கல." அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "நானா வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். சுவர் விஷயத்தில் இந்த மனுஷனுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று தான் நினைத்தது பாதி சரிதான் என்று ஓரத்தில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் போனாள். கிணற்றடியில் கிடந்த தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துவந்தாள், நல்ல மொத்தக் கயிறு. வீரனிடம், அந்தக் கட்டை எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு, புதுக் குழி வெட்டவேண்டும் என்றாள். மாஸ்டரிடம் ஒரு முனையைக் கொடுத்து, அந்தக் கல்லுல புடிச்சுக்குங்க சார் என்றாள். மறுமுனையோடு போய் வீட்டுச் சுவர் மூலையில், முன்பு வேலு நின்ற இடத்தில் நின்றாள். இழுத்துப் பிடித்தார்கள். கயிறு விறைத்து நின்றது.

கயிற்றின் ஓரமாகக் கண்ணை ஓட்டினாள். கறிவேப்பிலை மரத்துக்கு வந்ததும் கண் நின்றது. அது வேலு வைத்த மரம், கல்லுக்குக் கிட்டே, பழைய வேலியை இந்தப் பக்கம் ஒட்டினாற்போல் இருந்தது. வரிசையை நேராக்கினால் மாஸ்டர் பக்கம் போய்விடும் என்று அவள் கல்லடியில் உட்கார்ந்திருந்தபோதே பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டாயிற்று. ஆனால் கயிறு மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போயிருந்தது. மரம் அவளிடமே இருந்தது.

அவளுடைய இடது புருவம் ஏறியது.

"புடிச்சுகினே இருங்க" என்று சொல்லி, தன் முனையைச் சுவரில் இருந்த ஆணியில் இறுக்கிக் கட்டிவிட்டு, கயிற்றோடு கூடவே கடைசிவரை நடந்தாள். மாஸ்டர் குந்தி உட்கார்ந்திருந்தார். கயிறு கல்லின் மேல் இல்லை. கல்லைத் தாண்டி, அவருடைய சொந்த மண்ணில், ஒரு முழம் உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்திருந்தார். பிடிபட்டவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னா சார் இது," என்றாள் குணசுந்தரி, "நான் வந்து பாக்க மாட்டேன்னு நெனச்சிகினீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி, வேப்ப வேர் விழுங்கியது போக வெளியே தெரிந்த கல்லின் உச்சியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கயிறு நகர்ந்து மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது, மரம் மாஸ்டர் பக்கம் போனது. வீரனைக் குழி வெட்டச் சொன்னாள்.

"கறிவேப்பிலை வேணும்னா உங்க வூட்டு வாசலுக்கு வந்து கேட்டுக்கறேன் சார்," என்றாள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.